பொருள் வரியில் ஒரு சொல்

மனு எழுதுவதில் எனக்கு மூன்று வழக்கங்கள் உண்டு. ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. எழுதி முடித்ததும் மனு கொடுப்பவருக்கு ஒருமுறை சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும். மூன்றாவது, ‘பொருள்’ என்று போடுகிற வரியில் கனமான சொல் ஒன்றாவது இருக்க வேண்டும். அலுவலகத்தில் தபால் பிரிப்பவர் அந்த ஒரு வரியைத்தான் பார்ப்பார். எந்த மேசைக்கு அனுப்புவது என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்வார். ‘தெருவிளக்கு எரியாதது தொடர்பாக’ என்று எழுதினால் ஆறு மாதம் தூங்கும். ‘இருளில் பெண்கள் பாதுகாப்பின்றி நடமாடுவது தொடர்பாக’ என்று எழுதினால் அந்த வாரமே ஆள் வந்து பல்பு மாட்டிவிட்டுப் போவான். சாரம் பகுதியில் இந்தக் கடையில் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்து நான் கண்டுகொண்டது இது. முதலில் டைப்ரைட்டர், இப்போது கம்ப்யூட்டர். வழக்கம் மாறவில்லை.

அன்னக்கிளியின் மனுவையும் அந்த வழக்கப்படிதான் எழுதினேன்.

மார்ச் மாதம் இரண்டாவது திங்கட்கிழமை, காலை பத்து மணிக்கு வந்தாள். முத்தியால்பேட்டையில் வீடு. துணி தைக்கிற கம்பெனி ஒன்றில் பிசிறு வெட்டுகிற வேலை. கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் ஆஸ்பத்திரிச் சீட்டுகள், தேதி வாரியாக அடுக்கி. அதைப் பார்த்ததுமே எனக்கு அவள்மேல் மரியாதை வந்துவிட்டது. பெரும்பாலானவர்கள் சுருட்டி மடித்து, வியர்வையில் நனைத்துத்தான் கொண்டுவருவார்கள்.

“பொண்ணுக்கு மாத்திர குடுக்க வுட மாட்டன்றாரு சார்,” என்றாள்.

“யாரும்மா?”

“எங்க ஊட்டுக்காரருதான்.”

பெண் பெயர் சிந்துஜா. பதினாலு வயது, ஒன்பதாம் வகுப்பு. ஆறு வயதில் முதல் வலிப்பு. அன்றிலிருந்து காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று மாத்திரை. வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ வரும், அவ்வளவுதான். ஆனால் மாத்திரையால் பெண் பருத்துவிட்டாள். பாடம் மந்தமாகத்தான் ஏறியது. வகுப்பில் ‘பீப்பா’ என்று பேர் வைத்திருந்தார்கள். அழுதுகொண்டே வருவாளாம். அப்பனுக்கு அதைத் தாங்க முடியவில்லை. அரியாங்குப்பத்தில் மோனச்சுடர் சபை என்று ஒன்று. யாரோ அழைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அங்கே அணையாமல் ஒரு விளக்கு எரிகிறது. அதன் அடியில் வைத்த தண்ணீர்தான் மருந்து. மற்ற மருந்தெல்லாம் உடம்புக்குள் இருக்கிற சுடரை மூடும் கரி என்று சொல்லியிருக்கிறார்கள். போன மாதம் மாத்திரைப் பட்டையை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டார் இளம்பரிதி. அதுதான் அவர் பெயர். தனியார் பள்ளி ஒன்றில் பஸ் ஓட்டுகிறவர்.

“இருபது நாள்ல மூணு தடவ வந்துடுச்சி சார். டாக்டரம்மா சொன்னாங்க, மாத்திரய டக்குனு நிறுத்தினா உசுருக்கே ஆபத்துன்னு.”

“அவர்கிட்ட சொன்னியா?”

“சொல்லிக்கினேதான் இருக்கேன். எனக்கு ஒண்ணும் வேணாம் சார். எந்த ஆபீசராவது கூப்ட்டு, ‘ஏன்யா, புள்ளைக்கு மாத்திர குடுய்யா’ன்னு ஒரு அதட்டு அதட்டினா போதும். அவரு பயந்த மனுசன். காக்கிச் சட்டயப் பாத்தா லைசென்ஸ் கையில இருந்தாலும் வண்டிய ஓரங்கட்டிடுவாரு.”

சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தாள். புருஷனைப் பற்றிப் புகார் கொடுக்க வந்த இடத்திலும் அவள் பேச்சில் ஒரு செல்லம் இருந்தது. அதை நான் கவனித்தேன். கவனித்தும் மனுவில் அதற்கு இடம் இல்லை என்று விட்டுவிட்டேன்.

முதலில் ‘சிறுமிக்கு மருந்து மறுக்கப்படுவது – தொடர்பாக’ என்றுதான் அடித்தேன். வரி இளைத்துப்போய்த் தெரிந்தது. தேர்தல் தேதி எந்த நேரமும் அறிவிக்கப்படலாம் என்றிருந்த வாரம்; அதிகாரிகளின் காது எதற்கு நிமிரும் என்று எனக்குத் தெரியும். அழித்துவிட்டு இப்படி அடித்தேன்: ‘மதவெறியரான கணவரிடமிருந்து மகளின் உயிரைக் காக்கக் கோருதல் – தொடர்பாக.’

படித்துக் காட்டியபோது முதல் வரியிலேயே கையைக் காட்டி நிறுத்தினாள்.

“இன்னா சார் அது? வெறியரா?”

“மதவெறியர்.”

“வெறின்னா நாய்க்கில்ல சார் சொல்லுவாங்க? அவரு குடிக்கக்கூட மாட்டாரு.”

எனக்கு அந்த இடத்தில் ஒரு சின்னப் பெருமை தலைதூக்கியது. திருக்கனூர்ப் பள்ளியில் படித்தவன் நான். மற்ற பாடங்களில் எப்படியோ, தமிழில் எண்பதுக்குக் குறைந்ததில்லை. வெறி என்பது கெட்ட சொல்லே இல்லை என்று அவளுக்குச் சொல்ல ஆரம்பித்தேன். ஆதியில் அதற்கு வாசனை என்று பொருள் உண்டு. முருகன் மேலே வந்து இறங்கி ஆடுகிற ஆட்டத்துக்கு வெறியாட்டு என்று பேர். ஆடுகிறவன் வேலன், கையில் வேல் வைத்திருக்கும் பூசாரி. வீட்டில் வயசுப் பெண் இளைத்து, நிறம் வெளுத்து, சாப்பிடாமல் படுத்துவிட்டால், தாய்க்காரி வேலனைக் கூப்பிட்டு அனுப்புவாள். அவன் களம் போட்டு, பூ இறைத்து, ஆடு வெட்டி, ஆடி முடித்து, இது முருகனால் வந்தது என்று சொல்லுவான்.

“அந்தப் பொண்ணுக்கு அப்புறம் சரியாச்சா சார்?”

“அவளுக்கு நோயே இல்லம்மா. மனசுல ஒரு பையன். அம்மாவுக்குத் தெரியல, வேலனுக்கும் தெரியல.”

“அப்ப அந்த ஆடு?”

“ஆடு போச்சு.”

வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். பிறகு சீட்டுக் கவரைத் தடவிக்கொண்டே, “எங்க பொண்ணுக்கு நெசமாவே நோவு சார்,” என்றாள். அந்த வரியைக் காட்டி, “வேற வார்த்த இல்லியா?” என்று கேட்டாள்.

“இருக்கு. அதப் போட்டா மனு தூங்கும்.”

“தூங்கக் கூடாது சார்,” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். எழுத்துக் கூட்டி, அ-ன்-ன-க்-கி-ளி.

நான் அவளுக்குச் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் பாதிதான் சொன்னேன். அந்தச் சொல் எங்கே பிறந்தது என்று சொன்னேன். இப்போது அது எங்கே குடியிருக்கிறது என்று சொல்லவில்லை. பேப்பரில் எரிந்த பஸ் படத்துக்கு மேலே எந்தச் சொல்லைப் போடுகிறார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்துதான், அந்தக் கனத்துக்காகத்தான், போட்டேன்.

மனு தூங்கவில்லை. வியாழக்கிழமையே எழுந்து நடந்துவிட்டது.

பிறகு விசாரித்ததில் தெரிந்தது இது. ‘சிறுமி’ என்றோ ‘மருந்து’ என்றோ முதல் வரியில் இருந்திருந்தால் அது குழந்தைகள் நலத்துக்குப் போயிருக்கும். அங்கிருந்து ஓர் அம்மாள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து பேசியிருப்பாள். நான் போட்ட வரி அதைச் சட்டம் ஒழுங்கு பக்கம் தள்ளிவிட்டது. சாதாரண உடுப்பில் இரண்டு பேர், பள்ளி விடுகிற நேரத்தில், பெற்றோர் எல்லாம் நிற்கும்போது போய் பஸ்ஸை நிறுத்தியிருக்கிறார்கள். பிள்ளைகளை இறக்கிவிட்டு, சீட்டுக்கு அடியில் எல்லாம் பார்த்திருக்கிறார்கள். கிடைத்தது ஒரு பாட்டில் தண்ணீரும், விளக்குப் படம் போட்ட நாலு நோட்டீஸும். ஸ்டேஷனில் வைத்து, சபையில் எத்தனை பேர், தலைவன் யார், எங்கெங்கே கிளை, தேர்தலில் யாருக்கு வேலை செய்கிறீர்கள் என்று சாயங்காலம் வரை கேட்டிருக்கிறார்கள். மாத்திரையைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் பள்ளியில் சாவியை வாங்கிக்கொண்டார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் ஒருவர் என் கடை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றார். ஒல்லி, கழுத்துவரை பட்டன் போட்ட வெள்ளைச் சட்டை. என் கடைக்குள் யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை.

“நான் இளம்பரிதி,” என்றார். “நீங்க எழுதின பேப்பர்ல இருக்கற ஆளு.”

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“எங்கப்பா பேரு ராஜாங்கம். மில்லுல சங்கத்துல இருந்தவரு. கொடி புடிச்சி அடி வாங்கினவரு. எங்க ஊட்ல ஒரு சாமி படம் மாட்ட வுட்டதில்ல. அவருதான் எனக்கு இந்தப் பேரு வெச்சாரு. என்னப் போயி மதவெறியன்னு எழுதியிருக்கீங்க. எந்த மதம் சார்?”

நான் நாற்காலியை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளினேன்.

“ஸ்டேஷன்ல அந்த சாரும் அதயேதான் கேட்டாரு, எந்த மதம்டா நீன்னு. பதில் தெரியல. தெரியலன்னு சொன்னதுக்கு ஒண்ணு குடுத்தாரு.”

“மாத்திரைய நிறுத்தினது தப்புங்க,” என்றேன். என் குரல் எனக்கே அலுவலகக் குரலாகக் கேட்டது.

“தப்புதான். எனக்கும் ராத்திரில தூக்கம் வரல. சித்திர வரைக்கும் பாக்கலாம், கொறயலன்னா திரும்பக் குடுத்துடலாம்னு அவகிட்டயே சொல்லியிருந்தேன். சொன்னாளா ஒங்ககிட்ட?”

சொல்லவில்லை. அல்லது சொல்லி, நான் கேட்காமல் அடித்துக்கொண்டிருந்தேனோ என்னவோ.

“தெருவுல ஒருத்தன் எங்கூடப் பேசல சார். பஸ்ல என்ன அங்கிள்னு கூப்புட்ட புள்ளைங்கள அவங்க அம்மா இழுத்துக்கினு போறாங்க. நேத்து சபைக்குப் போனேன். அத்தன பேரும் எழுந்து நின்னாங்க. எனக்காக. ஒனக்காக அடி வாங்கிட்டு வந்த புள்ளன்னு சபை அய்யா வெளக்கப் பாத்துச் சொன்னாரு.” வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார். “பேரு வெச்சிட்டீங்க. அந்தப் பேருக்கு ஒரு வேலையும் பாத்துக் குடுங்க சார், ஓட்டறதுக்கு.”

அதே வாரம் செல்வாம்பாள் வந்தார். எழுபத்தெட்டு வயது. கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அவருடைய பென்ஷனுக்காக ஒவ்வொரு வருஷமும் தான் இன்னும் உயிரோடு இருப்பதாக ஒரு படிவம் அனுப்ப வேண்டும். அதை நிரப்ப என்னிடம் வருவார். மேசைமேல் கிடந்த மனுவின் நகலைக் கண்ணாடியைத் தூக்கிப் படித்துவிட்டார். மற்றவர்கள் கடிதத்தைப் படிப்பதில் அந்த அம்மாளுக்குக் கூச்சமே கிடையாது.

“மதவெறியர். பிரெஞ்சுல ஃபனத்தீக்,” என்றார். “இதுக்கு மூலம் என்ன தெரியுமா முசே கமலக்கண்ணன்?”

“தமிழ்ல தெரியும் மதாம்.”

“லத்தீன்ல கோயிலுக்கு ஃபானும்னு பேரு. அங்கயே விழுந்து கெடந்து சாமியாடுறவன் ஃபனத்தீக். பள்ளிக்கூடத்துல எங்க மதாம் சொல்லிக் குடுத்தது. அவனத் திட்டறதுக்கு அந்தப் பேரு இல்ல, சும்மா கோயில்காரன்.”

“நம்மதும் அப்படித்தான் மதாம். வேலன் ஆடுறது.”

“வுய், ஆமா. அப்ப ரெண்டு ஊர்லயும் அந்த வார்த்த கோயிலுக்குள்ளதான் இருந்திருக்கு. யாரு அத வெளிய இழுத்துக்கிட்டு வந்து தெருவுல வுட்டது?”

“தெரியல மதாம்.”

“ஒங்கள மாதிரி மனு எழுதறவனாத்தான் இருக்கும்,” என்று சொல்லிவிட்டு, உயிரோடு இருப்பதற்கான இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

ஏப்ரல் முதல் வாரம் அன்னக்கிளி மறுபடி வந்தாள். இந்தத் தடவை கவர் இல்லை, வெறுங்கை.

“ஞாயித்துக்கெழம பொண்ணக் கூட்டிக்கினு சபைக்குப் போனாரு சார். திரும்பல. அங்கயே ஒரு ரூம் குடுத்திருக்காங்களாம். என்ன ஒரு வார்த்த திட்டல. துணிய மடிச்சி வெச்சாரு, அவ புக்க எடுத்து வெச்சாரு, நான் மாத்திர டப்பாவயும் நீட்டினேன், அத மட்டும் இங்கயே வெச்சிட்டுப் போயிட்டாரு.”

“நீ போய்ப் பார்த்தியா?”

“போனேன். ‘நான் வரலம்மா’ன்றா. ‘இங்க யாரும் பீப்பான்னு கூப்டல, சிந்துமான்னு கூப்டறாங்க’ன்றா. இன்னா சொல்லுவேன்?”

இரண்டாவது மனு எழுதினேன். ‘முந்தைய மனுவில் கண்ட மதவெறியர் என்ற சொல்லை நீக்கிப் படித்து, சிறுமிக்கு மருந்து கிடைக்க வழிசெய்யக் கோருதல் – தொடர்பாக.’ இருபத்திரண்டு வருஷத்தில் சொல்லைத் திரும்பப் பெறுவதற்கு நான் எழுதிய முதல் மனு அது. பதினைந்து நாளில் பதில் வந்தது. பொருள்: மதவெறியரான கணவர் – மனு – தொடர்பாக. பார்வை ஒன்று, பார்வை இரண்டு. விசாரணை நிலுவையில் உள்ளது.

நேரில் போனேன். அந்தப் பிரிவின் கண்காணிப்பாளர் ஹேமலதா தெரிந்தவர்; என் மனுக்களின் எழுத்து சுத்தத்தைப் பலமுறை பாராட்டியவர்.

“ஃபைல எந்தப் பேர்ல தொறந்தோமோ அந்தப் பேர்லதான் சார் மூடணும்,” என்றார். “நடுவுல மாத்தினா ஆடிட்ல கேப்பாங்க. நீங்களே இத்தன வருஷமா பாக்கறீங்க.”

குழந்தைகளுக்கான இலவச எண்ணுக்கும் போன் செய்து பார்த்தோம். அங்கிருந்து இரண்டு பேர் சபைக்குப் போனார்கள். பெண் சிரித்துக்கொண்டு, தலை பின்னி, பாடப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாளாம். அப்பா பக்கத்தில் இருந்தாராம். காவல் துறை விசாரணை ஏற்கெனவே நடந்துகொண்டிருப்பதால் அதன் முடிவு வரட்டும் என்று எழுதிக்கொண்டு திரும்பிவிட்டார்கள்.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அன்னக்கிளியோடு நானும் அரியாங்குப்பத்துக்குப் பஸ் ஏறினேன். ஏன் போனேன் என்று யாராவது கேட்டால், வழி காட்டவும் பேசவும் ஆள் வேண்டுமே என்று சொல்வதாக இருந்தேன். யாரும் கேட்கவில்லை.

பழைய நெற்களத்தில் தகரக் கொட்டகை. ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். நானும் கழற்றினேன். இருநூறு பேருக்குக் குறையாது. முன்பெல்லாம் நாற்பது பேர்கூட வரமாட்டார்கள் என்று என் பக்கத்தில் இருந்தவர் சொன்னார். “போலீஸே வந்து பாத்துட்டு ஒண்ணும் பண்ண முடியாமப் போன எடம் சார் இது. அதுக்கப்புறம்தான் கூட்டம்.” சபையின் தலைவரைச் சுடரய்யா என்றார்கள். வெற்றிச்செல்வன் என்பது இயற்பெயர். தண்ணீர் மோட்டார் பழுது பார்த்துக்கொண்டிருந்தவர். குரல் தணிந்த மனிதர். என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, “சாப்ட்டீங்களா?”

விளக்குக்குப் பக்கத்தில் ஒரு மனைப்பலகை. அதில் வெள்ளைப் பாவாடை சட்டையில் சிந்துஜா உட்கார்ந்திருந்தாள். கன்னம் வற்றியிருந்தது. ஆட்கள் வரிசையில் வந்து அவள் முன்னால் குனிந்து போனார்கள். அவள் ஒவ்வொருவரையும் பார்த்து, வகுப்பில் நல்ல மார்க் வாங்கிய பிள்ளையைப் போலச் சிரித்தாள்.

பதினொன்று பத்துக்கு அவள் தலை இடது பக்கம் திரும்பியது. கண் மேலே போனது. பலகையிலிருந்து சரிந்து விழுந்து கை கால் வெட்டத் தொடங்கியது.

“சுடர் எறங்குது!” என்று ஒரு பெண் கத்தினாள். மொத்தக் கொட்டகையும் எழுந்தது. நெருங்கி வந்தார்கள். ஒரு கிழவர் குனிந்து, நுரை தள்ளுகிற அந்த வாயருகே காதை வைத்தார். இன்னொருத்தி, “எம் மவன் எப்பம்மா திரும்பி வருவான்? சொல்லும்மா!” என்று கேட்டாள். கேட்டுவிட்டு அந்தப் பெண்ணின் தொண்டையிலிருந்து வந்த சத்தத்துக்குத் தலையை ஆட்டிக்கொண்டாள்.

அன்னக்கிளி ஆட்களை முழங்கையால் இடித்துக்கொண்டு உள்ளே போனாள். பெண்ணை ஒருக்களித்துப் படுக்கவைத்துத் தலைக்கடியில் தன் உள்ளங்கையைக் கொடுத்தாள். யாரோ அவள் தோளைப் பிடித்து இழுத்தார்கள்.

“உடுங்க, அவ அம்மா,” என்று ஒரு குரல். இளம்பரிதி. மண்டியிட்டுத் துண்டால் மகளின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தை அப்போது நான் கிட்டத்தில் பார்த்தேன். நான் பொருள் வரியில் எழுதிய ஆளை அந்த முகத்தில் தேடினேன். பயத்தில் உதடு உலர்ந்த ஒரு தகப்பன்தான் இருந்தான்.

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை. நாலு நிமிஷம் இருபது வினாடி. ஐந்தைத் தாண்டினால் ஆஸ்பத்திரி என்று டாக்டர் சீட்டில் இருந்தது. தாண்டவில்லை.

பெண் களைத்துத் தூங்கியதும் அன்னக்கிளி எழுந்து சுடரய்யா முன்னால் போய் நின்றாள்.

“நானும் இங்கயே இருந்துக்கறேன்யா.”

“மனசார வர்றியாம்மா?”

“மனசார வரேன்.”

“மருந்து கைல தொடக் கூடாது. தெரியுமில்ல?”

விளக்குக்கு மேலே கையை நீட்டச் சொன்னார்கள். நீட்டினாள். இனி மருந்தைத் தொடுவதில்லை, என் பிள்ளைக்கும் தருவதில்லை என்று அவர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னாள். குரலில் ஒரு பிசிறு இல்லை. சுற்றி நின்ற பெண்கள் குலவையிட்டார்கள்.

பிறகு கைபம்பு ஓரத்தில் என்னிடம் வந்து, முகம் கழுவுகிற சாக்கில் குனிந்தபடியே பேசினாள்.

“ஊட்டு பீரோல டாக்டர் சீட்டு இருக்கு சார். சாவி பக்கத்து ஊட்டு ஜெயத்துகிட்ட இருக்கு. மாசாமாசம் மாத்திர வாங்கியாந்து குடுப்பீங்களா?”

“இப்பதானம்மா வெளக்கு மேல சத்தியம் பண்ணின?”

“பண்ணேன். பொய் சத்தியம்தான். வர்றது எனக்கு வரட்டும்.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “நீங்க எழுதினதுக்கு இதயாவது செய்யிங்க சார்.”

இந்த மூன்று மாதத்தில் அவள் என்னைக் குற்றம் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

ஜூனில் அலுவலகத்திலிருந்து கடைசிக் கடிதம் வந்தது. மனுதாரரே மேற்படி அமைப்பில் தம் விருப்பப்படி சேர்ந்து வசித்துவருவதாக விசாரணையில் தெரியவருவதால் மனு முடித்துவைக்கப்படுகிறது. நான் அதைத் தேதி போட்டுக் கோப்பில் வைத்தேன்.

ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு போனேன். ஒரு சீப்பு வாழைப்பழம், அதன் காம்புக்கு நடுவில் மாத்திரைப் பொட்டலம். சட்டையைக் கழற்றிவிட்டு, மற்றவர்களோடு கை கூப்பி உட்கார்ந்திருப்பேன். அன்னக்கிளி பழத்தைக் கீறி, உள்ளே மாத்திரையைச் செருகி, மகளுக்கு ஊட்டிவிடுவாள். ஒரு தடவை வாசலில் என் கையிலிருந்த சீப்பை இளம்பரிதியே வாங்கிக்கொண்டார். காம்பில் அவர் விரல் பட்டது; நின்றது. என்னைப் பார்க்கவில்லை. அப்படியே கொண்டுபோய் மனைவியிடம் கொடுத்தார். அன்று திரும்பும்போது பஸ்ஸில் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. ஜூலையில் ஒரு வலிப்பு. ஆகஸ்டில் இல்லை. செப்டம்பர் பிறந்தும் இல்லை.

செப்டம்பர் முதல் ஞாயிறு, கொட்டகையில் பாதிதான் ஆள். பலகையில் சிந்துஜா உட்கார்ந்திருந்தாள், கன்னம் கொஞ்சம் தேறி. வரிசையில் வந்தவர்கள் அவள் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு முணுமுணுத்துக்கொண்டு போனார்கள். “எட்டு வாரமாச்சி,” என்றார் என் பக்கத்துக்காரர். “எறங்கவே இல்ல.”

சுடரய்யா எழுந்தார். அதே தணிந்த குரல். குழந்தையின் உடம்பில் எதுவோ சேர்ந்து சுடரை மறைக்கிறது. அது என்னவென்று நாம் ஆராய வேண்டாம், யார்மேலும் பழி வேண்டாம். உடம்பைச் சுத்தம் செய்தால் போதும். இன்றிலிருந்து ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், சுடர்நீர் மட்டும். வேறு ஒன்றும் அவள் வாயில் படக் கூடாது. பகலும் இரவும் இரண்டு பெண்கள் கூடவே இருப்பார்கள்.

அன்னக்கிளியின் மடியில் உரித்த பழம் இருந்தது. ஒரு பெண் வந்து அதை மெதுவாக எடுத்துக்கொண்டாள்.

அன்னக்கிளி புருஷனைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். இளம்பரிதி கூப்பிய கையைப் பிரிக்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியே, அவளுக்குச் சமாதானம் சொல்வதுபோல, “நாப்பத்தெட்டு நாள்தான அன்னம்,” என்றார்.

சிந்துஜா நிமிர்ந்து உட்கார்ந்தாள். எல்லோரும் மறுபடி தன்னையே பார்ப்பது அவளுக்குப் பிடித்திருந்தது.

மறுநாள் அலுவலகம் திறப்பதற்கு முன்பே போய் நின்றேன். மனுவில் ஒரே வரி: ‘பதினாலு வயதுச் சிறுமிக்கு உணவும் மருந்தும் நிறுத்தப்பட்டுள்ளது – தொடர்பாக.’ மனுதாரர் என்ற இடத்தில் என் பெயர். அன்னக்கிளியின் பெயரைப் போட வழியில்லை. அவள் கோப்பு மூடியாகிவிட்டது.

ஹேமலதா படித்தார். முகம் மாறியது. எழுந்து போய்ப் பழைய கோப்பை எடுத்துவந்து பிரித்தார். கடைசிப் பக்கங்களில் ஒரு பட்டியல் இருந்தது. கோப்பு மூடிய பிறகு காவல் பிரிவு அனுப்பியது. சபைக்குத் தவறாமல் வருகிறவர்களின் பெயர்கள். விரலை வைத்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார்.

“சார், இதுல ஒங்க பேரும் இருக்கே.”

“இருக்கும்.”

“இப்ப இத நான் எந்த மேசைக்கு அனுப்பறது?”

குழந்தைகள் நலத்துக்கு அனுப்புங்கள் என்றேன். பட்டியலில் உள்ள ஒருவரிடமிருந்து மனு வந்தால் முதலில் காவல் பிரிவின் கருத்தைக் கேட்க வேண்டும் என்றார். அவர் கண்ணிலும் சங்கடம் இருந்தது. எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன். வழக்கமாகப் பதினைந்து, அவசரம் என்று சிவப்பில் எழுதி அனுப்பினால் பத்து என்றார்.

“சிவப்புல எழுதுங்கம்மா.”

எழுதினார். நான் வெளியே வரவில்லை. அங்கேயே வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன். கோப்பை எடுத்துக்கொண்டு கடைநிலை ஊழியர் படியிறங்கிப் போனார். நாற்பத்தெட்டில் அது இரண்டாவது நாள்.